‘விசேஷம் உண்டா?’ என்று கேட்கிறவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மகளுக்கு எங்கள் வீட்டில் விருந்து. கல்யாணமாகி முழுசாக இருபது நாள்கூட ஆகவில்லை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர், அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டபடியே, “அடுத்து நல்ல சேதி எப்போ?” என்று அவளிடம் கேட்டார். அவள் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை. பத்து வருஷமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததை அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.

எனக்குக் கல்யாணம் 2015ல். இரண்டாவது மாதமே “விசேஷம் உண்டா?” ஆரம்பித்துவிட்டது. மாதவிடாய் எனக்கு எப்போதுமே சரியாக வராது, நாற்பது நாள், நாற்பத்தைந்து நாள் என்று இழுக்கும். அதனால் நாங்களே ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். குழந்தைக்காகத்தான் வந்திருக்கிறோம் என்று முதல் நாளே சொன்னோம். எட்டு மாதம் நடந்தோம். தைராய்டு பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், முட்டை வளர்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரையின் பெயர் மட்டும் அந்த எட்டு மாதத்தில் ஒருமுறைகூட என் காதில் விழவில்லை.

அப்புறம் நாள் தள்ளிப்போனது. வழக்கமாகத் தள்ளுவதுதானே என்று இருந்துவிட்டேன். ஐம்பத்திரண்டாம் நாள் பரிசோதித்தால் இரண்டு கோடு. மூன்று மாதம் முடியட்டும், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றார் மாமியார். கண்ணு பட்டுவிடும் என்ற பயம். பத்தாவது வாரம் ஊர் நர்சம்மாவிடம் பெயர் பதிந்தபோது அவர் அந்த ஃபோலிக் ஆசிட் மாத்திரை ஒரு அட்டை கொடுத்தார். குட்டிக் குட்டியாக, மஞ்சளாக. அன்று ராத்திரியிலிருந்து ஒருநாள்கூட விடாமல் போட்டேன்.

பதின்மூன்றாம் வாரம் ஸ்கேன். டாக்டர் முதலில் பேசிக்கொண்டேதான் பார்த்தார். எந்த ஊர், வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டார். பிறகு பேச்சு நின்றுவிட்டது. கருவியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்து அழுத்தினார். “கூட யார் வந்திருக்காங்க?” என்றார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இதயம் துடிப்பதை நானே பார்த்தேன். தலையின் மேல்பாகம்தான் உருவாகவில்லை. மண்டை ஓடு மூடவே இல்லை, பிறந்தாலும் பிழைக்காது என்றார்.

வீட்டில் யாரும் திட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கேள்விகள் வந்தன. பப்பாளி சாப்பிட்டாயா, கிரகணத்தன்று வெளியே வந்தாயா, வயிற்றில் எங்கேயாவது இடித்துக்கொண்டாயா. நானும் அதை நம்பித்தான் கிடந்தேன். கருவைக் கலைத்துவிட்டு வந்த வாரம், சுவரிலிருந்த தினசரி காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்த மாதங்களில் எந்தத் தேதியில் கிரகணம் வந்தது என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

விஷயத்தை எனக்குப் புரிய வைத்தவர் பிறகு பார்த்த ஓர் அரசு மருத்துவர். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் பேனாவால் வரைந்து காட்டினார். கரு உருவான புதிதில் மூளையும் முதுகுத்தண்டும் தட்டையான ஒரு தகடாகத்தான் இருக்குமாம். பாயின் இரண்டு ஓரத்தையும் தூக்கி நடுவில் சேர்ப்பதுபோல அது மடிந்து குழாயாக வேண்டும். மேல்முனை மூடாவிட்டால் மூளையும் மண்டையும் உருவாகாது. கீழே மூடாவிட்டால் முதுகுத்தண்டில் பிளவு விழும், அந்தக் குழந்தை பிழைத்தாலும் கால் விளங்காமல், சிறுநீர் கட்டுப்படாமல் காலம் முழுக்கக் கஷ்டப்படும். இந்த மூடுகிற வேலை மொத்தமும் கரு உருவான 28 நாளுக்குள் முடிந்துவிடுகிறது.

28 நாள். மாதவிடாய் ஒழுங்காக வருகிற பெண்ணுக்கு, நாள் தள்ளி இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். நான் பத்தாவது வாரத்தில் பயபக்தியோடு போட்ட மாத்திரை வேறு எதற்கு உதவியிருந்தாலும் இதற்கு உதவ வழியே இல்லை. கதவு அதற்கு முன்பே மூடியிருந்தது. கருவைப் பற்றி நாம் ஒருவருக்கும் சொல்லாமல் பொத்திவைக்கிற அந்த முதல் வாரங்களில்தான் எல்லாம் நடந்து முடிகிறது.

இது நேற்றுக் கண்டுபிடித்ததும் இல்லை. ஏற்கெனவே ஒரு கர்ப்பத்தில் இப்படிக் குறை வந்த தாய்மார்களை வைத்து பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏழு நாடுகளில் ஆய்வு செய்து 1991ல் முடிவை வெளியிட்டது. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் போட்டவர்களுக்கு இந்தக் குறை 72 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷமே ஹங்கேரியில், முன்பு எந்தக் குறையும் இல்லாத பெண்களுக்கும் இது பலிக்கும் என்று காட்டினார்கள். அமெரிக்காவில் 1998 முதல் மாவிலேயே கலந்துவிடுகிறார்கள். நம் நாட்டில் ஆயிரம் பிறப்புக்கு நான்கு என்ற அளவில் இந்தக் குறை இருப்பதாகத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. 1991ல் தெரிந்த ஒன்று 2016ல் எனக்குத் தெரியவில்லை என்பதை என்னால் இன்னும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தச் சத்து உலகத்துக்குத் தெரியவந்ததே நம் நாட்டுக் கர்ப்பிணிகளால்தான். 1928ல் லூசி வில்ஸ் என்ற மருத்துவர் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஏன் இப்படி ரத்தசோகை வருகிறது என்று ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் சரியாகிறது என்று கண்டார். அதற்குள் இருந்த பொருளைத்தான் 1941ல் டன் கணக்கில் கீரையை அரைத்துப் பிரித்தெடுத்தார்கள். ஃபோலிக் என்ற பெயரே இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

அப்படியென்றால் கீரை சாப்பிட்டால் போதாதா? எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். கீரை நல்லது, தினமும் சாப்பிடுங்கள். ஆனால் இந்தச் சத்து சூட்டில் அழியும், தண்ணீரில் கரையும். நாம் கீரையை வேகவைத்து, சில வீடுகளில் அந்தத் தண்ணீரை வடித்துக் கீழேயும் ஊற்றிவிடுகிறோம். மிஞ்சுவதும் மாத்திரையில் இருப்பதுபோல உடம்பில் ஒட்டுவதில்லை. ரேஷன் அரிசியில் செறிவூட்டிய மணிகளைக் கலந்து கொடுக்கத் தொடங்கியபோது, பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து தண்ணீரில் மிதந்ததைப் பொறுக்கி எறிந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அதில் இருப்பது இரும்பும் ஃபோலிக் ஆசிடும் வைட்டமின் பி12ம்தான், எறியாதீர்கள். ஆனால் அதன் அளவே கிலோவுக்கு 75லிருந்து 125 மைக்ரோகிராம். ஒரு பெண்ணுக்குத் தினம் 400 வேண்டும்.

சரி, எவ்வளவு போடுவது? சாதாரணமாக 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பிருந்து, மூன்றாம் மாதம் முடியும் வரை. மெடிக்கலில் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது பன்னிரண்டு மடங்குக்கும் மேல். என்னைப்போல முன்பு பாதிப்பு வந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்புக்கு மாத்திரை போடுகிறவர்கள் போன்றோருக்கு டாக்டர் சொல்லித் தருகிற அளவு அது. கூடவே பி12 பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாகக் கறி, மீன், முட்டை தொடாத வீடுகளில். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் ஆசிடை மட்டும் அள்ளிப் போட்டால் ரத்தசோகை மறைந்து நரம்புப் பாதிப்பு உள்ளே வளரலாம். மைசூரில் நடந்த ஓர் ஆய்வில் கர்ப்பிணிகளில் 43 சதவீதம் பேருக்கு பி12 குறைவாக இருந்தது, அவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரையும் அதிகம் வந்திருந்தது. புனே ஆய்வில், ஃபோலேட், அதாவது இதே ஃபோலிக் சத்து, அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். 2018ல் வந்த மத்திய அரசின் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்திலேயே, கருத்தரிப்பதற்கு முன்பிருந்து தினம் 400 மைக்ரோகிராம் என்று எழுதியிருக்கிறது. புதிதாகக் கல்யாணமானவர்கள் யார் யார் என்று நர்சம்மாவின் தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் பெயர் ஏறுகிறது. குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேச அவர் அந்த வீட்டு வாசலுக்கு வரத்தான் போகிறார். அதே நாளில் அந்த மாத்திரையையும் கையில் கொடுத்துவிட்டுப் போனால் என்ன? கர்ப்பம் பதிந்த பிறகு கொடுப்பது இரும்புச்சத்துக்குச் சரி. முதுகுத்தண்டுக்குச் சரியில்லை.

என்னைப்போல இழந்த பெண்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக மாத்திரை போட்டவர்களுக்கும் சிலருக்கு இது வருகிறது. போடாதது உங்கள் குற்றம் இல்லை, உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கிரகணமும் காரணம் இல்லை, பப்பாளியும் இல்லை. காலண்டரை மாட்டிவிடுங்கள்.

அடுத்த முறை மூன்று மாதம் முன்பிருந்தே டாக்டர் சொன்ன 5 மில்லிகிராமைப் போட்டேன். பதின்மூன்றாம் வாரம் அதே ஸ்கேன் அறை. டாக்டர் கடைசிவரை பேசிக்கொண்டே பார்த்தார். மகள் இப்போது இரண்டாம் வகுப்பு.

அன்று விருந்து முடிந்து பாத்திரம் ஒழுங்குபண்ணும்போது நாத்தனார் மகளை அடுக்களைக்குள் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். “அத்தை, நாங்க ஒரு வருஷம் போகட்டும்னு இருக்கோம்” என்றாள். “தாராளமா போகட்டும். வேணும்னு நினைக்கிறதுக்கு மூணு மாசம் முன்னாடி ஆரம்பிச்சுடு” என்றேன். கை கழுவ வந்த அந்தப் பெரியம்மா வாசலிலேயே நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “என் பேத்திக்குத் தை மாசம் கல்யாணம் வெச்சிருக்கு, அந்த மாத்திரை பேரை எனக்கும் எழுதிக் குடும்மா” என்றார். காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.