மேல ஆக்கள் கூடினா கீழ தெரியும்

போன ஆகஸ்ட் மாதம். நல்லூர்த் திருவிழாவுக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்த சனம் யாழ்ப்பாணம் போவதும் திரும்புவதுமாக, கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை பிதுங்கிக்கொண்டிருந்த கிழமை. விடிய ஆறு மணிக்கு எங்கள் தொடர்மாடியின் கீழ்வீட்டில் மலக்குழாய் எதிர்த்துக்கொண்டது. அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிற அக்கா, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிறவர். குளியலறைத் துவாரத்தால் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்துக் குசினி வாசல்வரை வந்து நின்றது. நான் இறங்கிப் போனபோது மாச்சட்டியைக் கட்டிலின்மேல் தூக்கி வைத்துவிட்டு, வாளியும் தும்புத்தடியுமாக நின்றார். அன்று அவித்த இடியப்பம் முழுவதையும் கொட்டினார். நாற்றம் ஏறிய வீட்டில் அவித்ததைக் கடைக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"எப்ப அக்கா தொடங்கினது?" என்று கேட்டேன்.

"மேல ஆக்கள் கூடினா எனக்குத் தெரியும் தங்கச்சி. நான் கணக்கெடுக்கத் தேவையில்லை" என்றார்.

கணக்கை நான் எடுத்தேன். வாசற்காவல் ஐயாவின் கொப்பியை வாங்கி, படியிலேயே இருந்து எண்ணினேன். எங்கள் கட்டடத்தில் 7 மாடி, 22 வீடு. அதில் 13 வீட்டின் சொந்தக்காரர் லண்டன், டொரொன்டோ, பாரிஸ், சிட்னி என்று வெளியில் இருக்கிறவர்கள். மற்ற மாதங்களில் கட்டடம் முழுவதற்கும் 50 பேர் வரை இருப்போம். அன்றைய கணக்கு 131. எங்கள் கழிவுக்குழாயும், தண்ணீர்த் தாங்கியும், இருக்கிற ஒரே லிஃப்டும் அந்த 50 பேருக்கே மூச்சு வாங்குகிறவை.

இரண்டு நாள் கழித்து, எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. மூன்று கிழமை வந்து நின்றுவிட்டு லண்டன் திரும்பிய ஒருத்தி பேசியிருந்தாள். வெள்ளவத்தை நாறிப்போச்சு, ஒழுங்கைக்குள்ள கால் வைக்கேலாது, அங்க இருக்கிற சனத்துக்குச் சுத்தம் தெரியாது, இனி வந்தா ஹோட்டல்தான் என்று. கீழே பதினெட்டுப் பேர் கைதட்டியிருந்தார்கள். அவள் நின்றது எங்கள் தெருவில்தான், எட்டுப் பேர் கொண்ட குடும்பமாக, இரண்டு அறை வீட்டில். அந்தக் குழுவில் நான் ஒன்றும் எழுதவில்லை. இந்தப் பதிவுதான் என் பதில்.

நானும் வெளிநாட்டு ஆள்தான். 1983 ஜூலை 25 எங்கள் வீடு எரிந்தபோது எனக்கு 14 வயது. வெள்ளவத்தையில்தான் அந்த வீடு இருந்தது, முன்னால் ஒரு ஜம்பு மரத்தோடு. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதியாக இருந்து, கப்பலில் காங்கேசன்துறை போய், 1985-இல் லண்டன். முப்பது வருடத்துக்குப் பிறகு, அப்பாவின் கடைசி ஆசைக்காகவும் என் ஆசைக்காகவும் 2016-இல் இங்கே ஒரு வீடு வாங்கினேன். அப்போது என்னிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு மட்டும்தான். 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி, வெளிநாட்டவர் தொடர்மாடியில் வாங்குவதென்றால் அப்போது நாலாம் மாடியிலோ அதற்கு மேலோதான் வாங்க முடிந்தது, முழுப்பணமும் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. நாலாம் மாடி என்றால் கொழும்புத் தமிழருக்குக் குற்றப் புலனாய்வுப் பொலிஸின் விசாரணைக் கட்டடம்தான் முதலில் நினைவுக்கு வரும். பத்திரத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தபோது எனக்கும் ஒருகணம் நெஞ்சு திக்கென்றது. எனக்குக் கிடைத்தது ஐந்தாம் மாடி. யன்னலைத் திறந்தால் மரைன் டிரைவ், தண்டவாளம், அதற்கப்பால் கடல்.

அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு வருடக்கணக்காக இருந்தேன், கீழ்வீட்டுக் குளியலறைக்குள் ஒருநாளும் எட்டிப் பார்க்காமல். பிழை என்னுடையது. சட்டம் எங்களை மேலே ஏற்றிவிட்டது; இறங்கிப் பார்த்திருக்க வேண்டியது நான்.

குழாய் எங்கே போகிறது என்று தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கொழும்பு மாநகரின் கழிவுக்குழாய் வலையமைப்புக்கு நூறு வயது தாண்டிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில், தோட்டம் சூழ்ந்த தனிவீடுகளுக்காகப் போட்டது. நகரத்தின் கழிவு இரண்டு இடத்தால் கடலுக்குள் இறங்குகிறது: வடக்கே முகத்துவாரம், தெற்கே எங்கள் வெள்ளவத்தை. கடலடியால் ஒரு கிலோமீற்றருக்கு மேல் ஓடும் குழாய் கொண்டுபோய் விடுகிறது. பல பத்தாண்டுகளாகச் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் அப்படியேதான் விட்டு வந்திருக்கிறார்கள். பழைய குழாய்களையும் பம்பு நிலையங்களையும் திருத்த ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் ஒரு பெருந்திட்டம் 2009-இல் அங்கீகாரம் பெற்றது. வீதிகளைத் தோண்டியதை நீங்களும் கண்டிருப்பீர்கள். அதற்கிடையில் ஒரு வீடு நின்ற இடத்தில் 20 வீடு ஏறியது. சில கட்டடங்கள் கழிவை மழைத்தண்ணீர்க் கானுக்குள்ளேயே திருப்பிவிட்டிருக்கின்றன. பெருமழைக்கு ஒழுங்கையில் நிற்கிற தண்ணீர் நாறுகிறதென்றால் அதுதான் காரணம். ஒரு பக்கம் பம்பலப்பிட்டி எல்லைக் கால்வாய், மற்றப் பக்கம் தெஹிவளைக் கால்வாய், நடுவில் நாங்கள். இரண்டு கால்வாயும் கொண்டுவருவதும் இதே கடலுக்குத்தான்.

பின்னேரத்தில் மரைன் டிரைவில் நடக்காத வெளிநாட்டு ஆள் கிடையாது. வடை சாப்பிட்டு, காற்று வாங்கி, சூரியன் இறங்குவதைப் படம்பிடித்துப் போடுவோம். கரையில் பெடியன்கள் குளிப்பார்கள், தூண்டில்காரர் கல்லில் நிற்பார்கள். படத்துக்கு வெளியே, அதே தண்ணீருக்குள், நாங்கள் காலையில் இழுத்துவிட்டது கிடக்கிறது.

வெள்ளவத்தை ஏன் இப்படி நெருங்கியது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இளம் பிள்ளைகள் பலருக்கு அது தெரியாது. ஆசைப்பட்டு வந்து குவிந்த சனம் இல்லை இது. போர் தள்ளிக்கொண்டு வந்த சனம். வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், பிள்ளையை இராணுவத்திடமிருந்தும் இயக்கத்திடமிருந்தும் காப்பாற்றக் கொண்டுவந்தவர்கள். லொட்ஜ் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். 2007 ஜூன் 7 விடியற்காலை அந்த லொட்ஜுகளுக்குள் புகுந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் தடுத்தது. அந்தப் பயத்தில் வாழ்ந்த பெற்றோருக்கு ஒரு சொந்தக் கதவாவது இருக்கட்டும் என்று வெளியில் இருந்த பிள்ளைகள் இரண்டு வேலை பார்த்து அனுப்பிய காசில் எழுந்தவை இந்தத் தொடர்மாடிகள். அந்தக் காசை நான் மதிக்கிறேன். என் தம்பியும் அப்படி அனுப்பினவன்.

பெற்றோர் காலமாகிவிட்டார்கள். கதவு பூட்டிக் கிடக்கிறது. ஆகஸ்டிலும் டிசம்பரிலும் திறக்கிறது. இப்போது அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள், நாள் வாடகை. எங்கள் ஒழுங்கைச் சுவரில் ஒரு விளம்பரம் பார்த்தேன்: "கடல் பார்த்த வீடு, வெளிநாட்டு ஆக்களுக்கு மட்டும்." அதே வீட்டில் முன்பு இருந்தவர்கள் பதுளையிலிருந்து வந்து நகைக்கடையில் வேலை செய்த ஒரு குடும்பம். மாத வாடகையைவிட பத்து நாள் வாடகை கூட என்று எழுப்பிவிட்டார்கள். இப்போது தெஹிவளைக்கும் உள்ளே, பஸ் மாறி வருகிறார்கள்.

2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் ரஷ்யர்கள் நடத்தவிருந்த வெள்ளையர் விருந்து நினைவிருக்கிறதா? வெள்ளை நிறத்தவர் மட்டும் வரலாம் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். அப்போது என் முகநூல் முழுக்கக் கொதித்தது. விருந்தாளியாக வந்தவன் வீட்டுக்காரனை வெளியே நிறுத்துவதா என்று எழுதினோம். நியாயமான கோபம், நானும் எழுதினேன். "வெளிநாட்டு ஆக்களுக்கு மட்டும்" என்று எங்கள் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தபோது அந்தப் பதிவைத்தான் நினைத்தேன். இந்தத் தாளை எழுதியது தமிழ், ஒட்டியது தமிழர், வெளியே நின்றதும் தமிழ்க் குடும்பம். ஒருவரும் கொதிக்கவில்லை.

"நாங்கள் இந்த மண்ணின் பிள்ளைகள், எங்களை ரஷ்யனோடு ஒப்பிடாதே" என்று சிலர் எழுதுவீர்கள். உண்மைதான், எரித்துத் துரத்தப்பட்டவர்களுக்குத் திரும்பி வர முழு உரிமை உண்டு. அந்த உரிமைக்காக நான் யாரோடும் வாதாடுவேன். ஆனால் உரிமை இருக்கிறதென்பதற்காகத் தாங்கியில் தண்ணீர் கூடிவிடாது. கொழும்புக்கு முக்கியமாக லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் அம்பத்தளையில் களனி ஆற்றிலிருந்தும் தண்ணீர் வருகிறது. கோடை நீண்டால் களனிக்குள் கடல்நீர் ஏறிவரும், அதைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே அணை வேண்டும். அப்படி வருகிற தண்ணீர் எங்கள் கட்டடத்தில் ஆகஸ்ட் முழுக்கக் காலை ஒன்பதுக்குள் முடிந்துவிட்டது. பவுசர் தண்ணீர் வாங்கினோம். செலவை வீட்டுக்கொன்றாகச் சமமாகப் பிரித்தார்கள். இடியப்பக்கார அக்கா தனியாள். எட்டுப் பேர் இருந்த வீட்டுக்கும் அவருக்கும் ஒரே தொகை. வீட்டுச் சொந்தக்காரர் அதை வாடகையோடு சேர்த்து அவரிடமே வாங்கிவிட்டார்.

காசைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். 2022-இல் நான் இங்கேதான் இருந்தேன். மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. கேஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை. வருடத் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கீழ்வீட்டில் மாவின் விலை எகிறிக்கொண்டிருந்த அதே கிழமைகளில் லண்டன் பவுணில் வருகிற என் வருமானம் நான் விரலசைக்காமலே ரூபாய்க் கணக்கில் ஒன்றரை மடங்குக்கு மேலானது. ஊர் விழுந்ததில் எனக்கு வந்த இலாபம் அது. அந்த வருடம் வாங்கிய குளிர்சாதனப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் இப்போதும் ஏதோ செய்கிறது. மலிவாக இருக்கிறது, வாருங்கள் என்று சொந்தக்காரரை அழைத்தவர்களில் நானும் ஒருத்தி.

குப்பையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டனில் தாளுக்கு ஒரு பெட்டி, போத்தலுக்கு ஒரு பெட்டி, உணவுக்கு ஒரு பெட்டி என்று ஒழுங்காகப் பிரித்த அதே கை, இங்கே வந்ததும் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிப் படியில் வைக்கிறது. 2017 ஏப்ரல் 14, சித்திரை வருடப்பிறப்பன்று மீதொட்டமுல்ல குப்பைமலை சரிந்து 32 பேர் செத்தார்கள். கொழும்பு எறிந்த குப்பை அது. பிறகு அதைப் புத்தளம் அறுவைக்காட்டுக்குக் கொண்டுபோவதாக முடிவெடுத்தபோது, வீதியில் இறங்கிப் போராடிய புத்தளத்து மக்களில் பெரும்பகுதி தமிழ் பேசுகிற முஸ்லிம்கள். படியில் வைத்த பை யாரோ ஒருவருடைய வாசலுக்குத்தான் போகிறது.

ஊருக்கு வராதீர்கள் என்று சொல்ல நான் ஆளில்லை. வாருங்கள், தங்குங்கள், முடிந்தால் நிரந்தரமாகவே வாருங்கள். ஆனால் இந்த ஊர் சுமக்கிற ஆட்களில் ஒருவராக உங்களை எண்ணிக்கொண்டு வாருங்கள். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கும் மாதாமாதம் பராமரிப்புக் காசைக் கட்டுங்கள். எங்கள் கட்டடத்தில் ஏழு வீடு இரண்டு வருடமாகக் கட்டவில்லை, குழாய் திருத்தப் பணம் இல்லாமல் போனது அதனால்தான். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். தண்ணீரைத் தலைக்கணக்கில் பிரிக்கச் சம்மதியுங்கள். நாள் வாடகையைவிட ஒரு குடும்பத்துக்கு வருட வாடகைக்குக் கொடுங்கள், வருமானம் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு இன்னொன்று. நாடாளுமன்றத்துக்கு எங்களால் போட்டியிட முடியாது, வாக்களிக்க முடியும். நான் 2019-இல் எடுத்தேன், கிராம சேவகரிடம் போய் வாக்காளர் இடாப்பில் பதிந்தேன், 2025 மே 6 மாநகரசபைத் தேர்தலில் வாக்குப் போட்டேன். குழாய், குப்பை, கான் எல்லாம் அந்தச் சபையின் மேசைக்குத்தான் வருகின்றன. வாக்குப் போட்டுவிட்டு வந்து கீழ்வீட்டு அக்காவிடம் "போட்டாச்சா?" என்று கேட்டேன். பதினொரு வருடமாக இந்த ஒழுங்கையில் இருக்கிறார், அவருடைய பெயர் இன்னும் ஊரில்தான். இந்த விலாசத்தில் பதிய வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பதிந்தால் பிறகு எழுப்புவது கஷ்டம் என்று பயமாம். அந்த வீட்டுக்காரர் இருப்பது மெல்பேர்னில். நல்ல மனிதர், கோயிலுக்கு அள்ளிக் கொடுப்பவர். இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். ஐயா, ஒரு கையெழுத்துத்தான்.

அக்கா இப்போது குளியலறை வாசலில் மூன்று வரிசைக் கல்லடுக்கிச் சீமெந்து பூசியிருக்கிறார். தண்ணீர் குசினிக்கு வராமலிருக்க. தன் சொந்தக் காசில். டிசம்பர் வரப்போகிறது.

எங்கள் கட்டடத்துக் கூட்டம் அடுத்த ஞாயிறு இலங்கை நேரம் மாலை ஆறு மணிக்கு, வெளியில் இருப்பவர்கள் தொலைபேசியிலேயே சேரலாம். புதுக் கழிவுக்குழாய்க்கு வாங்கிய விலைமதிப்பீட்டை 13 பேருக்கும் அனுப்பிவிட்டேன். இதுவரை பதில் போட்டவர்கள் நாலு பேர். மற்ற ஒன்பது பேருக்கும் இன்று இரவு திரும்ப அழைக்கிறேன், எடுங்கள்.