வளைகாப்புக்கு அப்புறம் காணாமல் போகிறவர்கள்

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்த காலத்தில் மாதக் கடைசியில் ஒரு பட்டியல் கைக்கு வரும். எச்.ஐ.வி. கிருமியை அடக்கி வைக்கிற ஏ.ஆர்.டி. மாத்திரை வாங்க வராமல் விட்டவர்கள். அதில் பிள்ளைத்தாய்ச்சி யாராவது இருந்தால், "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு எவ்வளவு அலட்சியம் பாரு" என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சே ஆகாது.

ஒரு பெண்ணைச் சொல்கிறேன். கும்பகோணம் பக்கம் வாக்கப்பட்டவள். தலைப்பிரசவம். விஷயம் அவளுக்கும் புருஷனுக்கும் மட்டும்தான் தெரியும். மாத்திரை டப்பாவைக் குலுக்கினால் சத்தம் வருமே என்று உள்ளே பஞ்சு அடைத்து, அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தாள். அந்த வீட்டில் அரிசி அளப்பது அவள்தான். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மன்னார்குடி பக்கம் அம்மா வீட்டுக்குப் போனாள். அங்கே அரிசி அளப்பது அம்மா.

மாத்திரை நின்றதற்குக் காரணம் அவ்வளவுதான். பதினோரு நாள்.

சிகிச்சையே இல்லாவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்று போகலாம். தாய் விடாமல் மாத்திரை போட்டால் அது 5-க்கும் கீழே வந்துவிடும். மருந்தும் 2004-லிருந்து இலவசம். டவுன் பஸ்ஸில்கூட இப்போது பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நடவு நாளில் போகிற கூலியை மட்டும் யாரும் தருவதில்லை, அது தனிக் கதை. நான் சொல்ல வருவது, வளைகாப்புக்குத் தேதி குறிக்கும்போதே இவளை எந்த ஊர் மையத்துக்கு மாற்றுவது என்று நாம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பிள்ளை பிறந்த பிறகு இன்னும் சிக்கல். குழந்தைக்குத் தொற்று வராமல் தடுக்க ஆறு வாரம் தினமும் நெவிரபின் சிரப். "பச்சப் புள்ளைக்கு எதுக்குடி தெனம் மருந்து?" என்று அம்மா கேட்பார். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான் என்று நாங்கள் சொல்லி அனுப்புவோம். பாட்டி சர்க்கரைத் தண்ணீரோடு நிற்பார்.

ஆனால் புதன்கிழமை தடுப்பூசிக்குக் கிளம்பினால் ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆறாம் வாரம் ஊசி உண்டு, அதே வாரம்தான் குழந்தையின் குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தச் சொட்டு எடுக்கும் முதல் எச்.ஐ.வி. பரிசோதனையும். பதினெட்டாம் மாதக் கடைசிப் பரிசோதனையையும் பூஸ்டர் ஊசியோடு சேர்த்துவிடலாம். இரண்டுக்கும் ஒரே பயணம் போதாதா?

ரகசியம் காக்க 2017-ல் சட்டமே வந்தாயிற்று. அதற்கப்புறமும் ஒரு பிரசவ வார்டில் கேஸ் ஷீட்டின் மேலே எச்.ஐ.வி. என்று சிவப்பு மையில் எழுதிக் கட்டில் காலில் தொங்கவிட்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்படிப்பட்ட இடத்துக்கு எவள் திரும்ப வருவாள்?

அந்தப் பெண்ணிடம் தையல் கிளாஸ் டீச்சர் என்று சொல்லித்தான் போனில் பேசுவேன். டப்பா தையல் மெஷின் டிராயருக்கு இடம் மாறியது.

பதினெட்டாம் மாத ரிசல்ட் வந்த அன்றைக்கும் கூப்பிட்டேன். மாமியார்தான் எடுத்தார்.

"தையல் கிளாஸ்லேருந்து பேசுறேம்மா. உங்க மருமக பாஸாயிட்டான்னு சொல்லிடுங்க."