லேசர் சொத்தைய எடுக்கும், சரி. அதுக்கப்புறம்?

போன மாசம் சொத்தைப் பல்லோட போய் சேர்ல உக்காந்தேன். டாக்டர், "லேசர்லயே பண்ணிடலாம், வலியே இருக்காது, பாக்டீரியா மொத்தமும் செத்துரும், அந்தப் பக்கம் இனிமே சொத்தைங்கிற பேச்சே கிடையாது"ன்னாங்க. வாயத் தொறந்து வச்சுக்கிட்டு என்னத்த வாதாடுறது, அதான் இங்க வந்து கொட்டுறேன்.

மொதல்ல லேசருக்குக் குடுக்க வேண்டிய மரியாதைய குடுத்துடுறேன். 1960ல மைமன்ங்கிற அமெரிக்க இயற்பியலாளர் மொத லேசரான ரூபி லேசர கண்டுபிடிச்ச கொஞ்ச வருஷத்துலயே அத பல்லுல அடிச்சுப் பாத்துட்டாங்க, ஆனா சூடு தாங்கல. பல்லுக்கு உள்ள நரம்பும் ரத்தக்குழாயும் இருக்குற பல்கூழ், சூடு சுமார் 5.5 டிகிரி செல்சியஸ் கூடினாலே சாக ஆரம்பிக்கலாம்னு 1965ல குரங்குப் பல்லுல காட்டுனாங்க. அப்புறம் வந்ததுதான் எர்பியம் லேசர், ஒளியோட அலைநீளம் 2940 நானோமீட்டர், 1997ல மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி குடுக்குற அமெரிக்க எஃப்டிஏ இதுக்கு ஓகே சொல்லுச்சு. இதோட சூட்சுமமே தண்ணிதான். பல்லுக்குள்ள இருக்குற ஈரம் அந்த ஒளிய அப்படியே உறிஞ்சி சட்டுனு ஆவியாகி குட்டி குட்டியா வெடிக்குது, அந்த வெடிப்புல பல்லு துணுக்கு துணுக்கா தெறிக்குது, சொத்தையான எடத்துல ஈரம் அதிகம்ங்கிறதால நல்ல பல்ல விட அங்க வேகமா அரிக்குது, கூடவே தண்ணிய பீச்சிக்கிட்டே இருக்குறதால சூடும் ஏறாது. அழகான ஐடியா!

வலி விஷயம்? பல சோதனைகளோட முடிவ ஒண்ணா சேத்து அலசுற காக்ரேன் ஆய்வு ஒண்ணு 2016ல வந்துச்சு, 9 சோதனை, 662 பேர். டிரில்ல விட லேசர்ல வலி கம்மி, மரத்துப்போற ஊசியும் கம்மியாத்தான் தேவைப்பட்டுச்சு, ஆனா ஆதாரத்தோட தரம் சுமார்தான்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஸோ "வலியே இருக்காது" இல்ல, "கம்மியா இருக்கலாம்". பழைய மெட்டல் ஃபில்லிங்க இது எடுக்காது, குழிய அடைக்கிறதும் வழக்கமான ஃபில்லிங்தான்.

இப்ப பாக்டீரியா. இங்கதான் எனக்கு கடுப்பு. ரூட் கெனால் பண்றப்போ பல்லுக்குள்ள இருக்குற நுண்குழாய்கள்ல கிருமி ஆழமா போய் ஒளிஞ்சிருக்கும், கழுவுற மருந்து அவ்வளவு தூரம் போகாது, அங்க லேசர் கூடுதலா உதவும், ஒத்துக்கிறேன். அங்கயும் மருந்துக்கு பதிலா இல்ல, மருந்தோட சேத்துதான். ஆனா வாய் முழுக்க? நம்ம எல்லார் வாய்லயும் சேத்து 700 வகைக்கு மேல பாக்டீரியா இருக்கு, நாக்கு, ஈறு, எச்சில்னு எங்க பாத்தாலும். ஒரு பல்லுல சுத்தம் பண்ணா பக்கத்து பல்லுல இருந்து குடி வந்துரும், பல் தேச்ச சில மணி நேரத்துலயே திரும்ப படலம் கட்ட ஆரம்பிக்குற கூட்டம் அது.

அதோட, பாக்டீரியா இருந்தா மட்டும் சொத்தை வந்துடாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் மாதிரி ஆளுங்களுக்கு நாம சர்க்கரைய போட போட அது ஆசிடா மாறுது, புளிப்ப அளக்குற பிஹெச் (எண் குறையக் குறைய ஆசிட் அதிகம்) 5.5க்கு கீழ போனா பல்லோட மேல்பூச்சான எனாமல் கரையுது, நடுவுல இடைவெளி விட்டா எச்சிலே ஓரளவு சரி பண்ணிடும். இடைவெளியே விடலன்னா எந்த லேசரும் என்ன பண்ணும் சொல்லுங்க.

நான் லேசர்லதான் பண்ணிக்கிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஊசி போடல, பட் பட்னு சத்தம், லேசா சுருக்குன்னுச்சு, கடைசில ஓரத்த நேராக்க அதே பழைய டிரில்ல எடுத்தாங்க. எல்லாம் முடிய முக்கா மணி நேரம். வேலை பாக்குறப்போ ஒரு இனிப்பு பாட்டில பக்கத்துல வச்சுக்கிட்டு காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொரு வாயா உறிஞ்சுற ஆளு நான். அதப் பத்தி ஒரு கேள்வி கூட வரல.