வீட்டுக்கல்வி குற்றமில்லை

‘வீட்டிலேயே படிக்க வைப்பது சட்டப்படி குற்றம், பெற்றோருக்குத் தண்டனை உண்டு, பிள்ளையால் பத்தாம் வகுப்புத் தேர்வே எழுத முடியாது’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பிப் பெற்றோர் பயந்துவிடக் கூடாது.

2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் இல்லை. வீட்டுக்கல்விக்கு வெளிப்படையான அனுமதியும் இல்லை, தடையும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தேர்வுக்கு மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.) இருக்கிறது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு பாடமாகவும் எழுதலாம்.

அப்புறம், ‘ஊர் சுற்றினால் படிப்பு வராது’ என்றும் அவர் எழுதியிருக்கிறார். அதுவும் சரியில்லை. வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரையின் அலகைத் தொலைநோக்கியில் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரியும். அது ஏன் என்று பிள்ளை கேட்டதும் நத்தை, ஏரி, உணவுச் சங்கிலி என்று அறிவியல் பாடம் தொடங்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் அதை வரைந்து எழுத வையுங்கள்.