கையெழுத்து மட்டும் போதாது

கிராம சபைக்கு ஆள் வருவதில்லை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் வருகிறார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிடுகிறார்கள். அதுதான் வேதனை. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 10,000-க்கு மேல் என்றால் 300 பேர் என்று குறைந்தபட்ச வரம்பு வைத்திருப்பதே உட்கார்ந்து பேசத்தான். வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது பாதி நாற்காலி காலி. மேல்நிலைத் தொட்டியின் தூணில் கழுவிய தேதியைப் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள், சரி. அன்றைக்கு நிஜமாகவே கழுவினார்களா, குளோரின் எவ்வளவு போட்டார்கள் என்று கேட்க வேண்டியது நாம்தானே? டீக்கடையில் புலம்புகிற சாக்கடை, தெருவிளக்குப் பிரச்சினையை கிராம சபையில் எழுந்து பேசுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்புறம் வீட்டுக்குப் போங்கள்.