நடைபாதைத் திட்டம் சாலைச் சந்திப்பிலிருந்து தொடங்க வேண்டும்

ஒரு நகரத்தில் நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் பாதை அமைக்கப்போவதாக அறிவிப்பு வரும்போதெல்லாம் அதில் முந்திக்கொண்டு நிற்பது நீளக் கணக்குதான். இத்தனை கிலோமீட்டர் நடைபாதை, இத்தனை கிலோமீட்டர் சைக்கிள் பாதை, இத்தனை மாதத்தில் பணி நிறைவு என்று சொல்வார்கள். அந்தப் பாதை எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேருகிறது, நடுவில் எத்தனை இடங்களில் அறுபடுகிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள். பத்துக் கிலோமீட்டர் பாதை பத்து இடங்களில் அறுந்து கிடந்தால், வீட்டிலிருந்து பள்ளிக்குத் தனியாகப் போக வேண்டிய ஒரு பிள்ளைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை, ஏனெனில் அந்தப் பிள்ளையை அனுப்பலாமா வேண்டாமா என்று பெற்றோர் முடிவுசெய்வது பாதை நன்றாக இருக்கும் இடத்தை வைத்தல்ல, மிக மோசமாக இருக்கும் இடத்தை வைத்துத்தான். எனவே நீளத்தை அளப்பதை விட்டுவிட்டுத் தொடர்ச்சியை அளக்கத் தொடங்க வேண்டும் என்றும், திட்ட வரைபடத்தில் முதல் கோடு சாலைச் சந்திப்பில் விழ வேண்டும் என்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.

சந்திப்புகளுக்கு இடைப்பட்ட நேர்ச்சாலையில் எல்லாப் பாதையும் நன்றாகத்தான் தோன்றும். சந்திப்பை நெருங்கும் இடத்தில் நின்று பாருங்கள். வண்ணம் பூசிய சைக்கிள் தடம் சிக்னலுக்கு முப்பது நாற்பது மீட்டர் முன்பாகவே காணாமல் போயிருக்கும். திரும்பும் வாகனங்களுக்குக் கூடுதலாக ஒரு வரிசை தேவைப்பட்டது, சைக்கிளுக்கான இடம் அதற்குப் போய்விட்டது. நடைபாதையின் கதையும் இதுவே. மூலையில் ஒரு மின்மாற்றிப் பெட்டி, ஒரு சிக்னல் கம்பம், அதன்மேல் சாய்த்து வைத்த இரும்புத் தடுப்புகள். இவற்றைச் சுற்றிக்கொண்டு வருபவர் அரை அடி உயரத்திலிருந்து சாலையில் இறங்கி, திரும்புகிற பேருந்துக்கு வழிவிட்டு, எதிர்ப்புறம் மறுபடியும் அரை அடி ஏற வேண்டும். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வரும் ஒரு தாய் அந்த இடத்தில் என்ன செய்கிறார் என்று கவனித்தால் போதும். வண்டியைத் திருப்பி, தான் முதலில் பின்புறமாகச் சாலையில் இறங்கி, பிறகுதான் பின்சக்கரங்களை மெல்ல இறக்குகிறார். அந்தச் சில நொடிகளும் வாகனங்கள் வருவது அவருடைய முதுகுப் பக்கம். நகரத்தின் மிக ஆபத்தான இடத்தில்தான் நாம் அவருக்கான பாதுகாப்பை விலக்கிக்கொள்கிறோம்.

இதற்குத் தீர்வு தெரியாமல் யாரும் தவிக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் சிறிய தெரு பெரிய சாலையோடு சேரும் இடங்கள் பலவற்றில் நடைபாதை கீழே இறங்குவதே இல்லை. அதே உயரத்தில், அதே தளக்கற்களோடு தெருவின் குறுக்கே தொடர்ந்து செல்கிறது. ஏறி இறங்க வேண்டியது கார்தான், எனவே ஓட்டுநர் தாமாகவே வேகத்தைக் குறைக்கிறார். மூலையின் வளைவு ஆரத்தைச் சிறிதாக்கினால் வாகனம் வேகமாகத் திரும்ப முடியாது, கடக்க வேண்டிய தூரமும் குறைந்துவிடும். சாலையின் நடுவே இரண்டு மீட்டர் அகலத்தில் ஒரு திட்டு அமைத்தால், ஒரே மூச்சில் கடக்க முடியாதவர் அங்கே பத்திரமாக நின்று மறுபாதியைக் கடக்கலாம். சைக்கிள் தடத்துக்கும் திரும்பும் வாகனத்துக்கும் இடையே மூலையில் ஒரு சிறு கல்திட்டு வைத்தால், ஓட்டுநர் முழுவதும் திரும்பிய பிறகே சைக்கிளின் குறுக்கே வருவார், அப்போது சைக்கிளில் வருபவர் பக்கக் கண்ணாடியின் மறைவில் இல்லாமல் அவருடைய கண்ணுக்கு நேராக இருப்பார். இவை எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. கல்லும் சிமென்ட்டும், ஒரு மூலையை இரண்டு நாள் பொறுமையாகப் பார்த்த ஒரு பொறியாளரும் போதும்.

சிக்னல் நேரத்தைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதசாரி நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று எடுத்துக்கொண்டு பச்சை விளக்கின் நேரத்தைக் கணக்கிடுவது உலகெங்கும் பரவலான வழக்கம். 18 மீட்டர் அகலச் சாலைக்கு அந்தக் கணக்கில் 15 நொடி போதும். ஆனால் முழங்கால் வலியோடு நடக்கும் ஒரு முதியவர் நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தால், அந்த 15 நொடியில் அவர் 12 மீட்டர்தான் கடந்திருப்பார். மீதி ஆறு மீட்டர், அதாவது சாலையின் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு எதிரே இருக்கும்போது வாகனங்களுக்குப் பச்சை விழுகிறது. அவருடைய வேகத்தை அடிப்படையாகக் கொண்டால் வாகனங்கள் இன்னும் ஏழெட்டு நொடி காத்திருக்க நேரும், அவ்வளவுதான். இந்த ஏழெட்டு நொடியைக் கொடுக்க மனமில்லாத நகரங்கள்தாம் பல இடங்களில் நடைமேம்பாலம் கட்டுகின்றன. அதன் கணக்கையும் பார்த்துவிடுவோம். உயரமான வாகனங்கள் அடியில் செல்ல ஐந்தரை மீட்டர் இடைவெளி விட்டால், 15 சென்டிமீட்டர் உயரப் படிகளாக 37 படி ஏற வேண்டும், பிறகு அத்தனையும் இறங்க வேண்டும். சக்கர நாற்காலிக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட 1:12 சாய்வில், அதாவது ஒரு மீட்டர் உயர 12 மீட்டர் நீளம் என்ற கணக்கில், சாய்தளம் அமைத்தால் அதன் நீளம் ஒரு பக்கத்துக்கு மட்டும் 66 மீட்டர். அகலம் 18 மீட்டரே உள்ள சாலையைக் கடக்க ஒருவரை 150 மீட்டர் உருட்டிக்கொண்டு போகச் சொல்வதை வசதி என்று எப்படி அழைப்பது? மக்கள் மேம்பாலத்தின் அடியில் குறுக்கே ஓடினால் உடனே அவர்களுடைய ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம். அவர்கள் ஓடும் அந்த இடத்தில்தான் கடவையும் சிக்னலும் வந்திருக்க வேண்டும்.

சந்திப்புகள் சரியானால் பாதைகள் ஒன்றோடொன்று சேரும். வலையமைப்பாகச் சேர்ந்த பிறகுதான் அவை வேலை செய்யத் தொடங்குகின்றன என்பதற்கு வரலாறு தெளிவான சான்று தருகிறது. 1970களில் நெதர்லாந்தில் தி ஹேக், டில்பர்க் ஆகிய இரண்டு நகரங்களில் ஆளுக்கொரு தரமான சைக்கிள் பாதையைச் சோதனை முயற்சியாக அமைத்தார்கள். பாதைகள் சிறப்பாக இருந்தன, ஏற்கெனவே சைக்கிள் ஓட்டியவர்கள் பக்கத்துத் தெருக்களை விட்டு அவற்றுக்கு மாறினார்கள். ஆனால் நகரத்தின் மொத்தச் சைக்கிள் பயணம் எதிர்பார்த்தபடி கூடவில்லை. அடுத்து டெல்ஃப்ட் நகரில், தனியாக ஒரு சாலையை எடுத்துக்கொள்ளாமல், நகரம் முழுவதும் விடுபட்ட இணைப்புகளைத் தேடித் தேடி நிரப்பும் முறையைக் கையாண்டார்கள், அங்கே பலன் தெரிந்தது. ஸ்பெயினின் செவில் நகரம் இந்தப் பாடத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. 2006 வாக்கில் பணியைத் தொடங்கி, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பாதுகாக்கப்பட்ட பாதையை, ஒன்றோடொன்று இணைந்த வலையமைப்பாக, ஒரே வீச்சில் அமைத்து முடித்தது. ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாமல் இருந்த சைக்கிள் பயணத்தின் பங்கு சில ஆண்டுகளில் பல மடங்கு பெருகியது. இதே 80 கிலோமீட்டரை ஆண்டுக்கு நான்கைந்து கிலோமீட்டர் வீதம், பேட்டைக்கு ஒரு துண்டாக அமைத்திருந்தால், முதல் துண்டைப் பார்த்தே "யாரும் பயன்படுத்தவில்லை" என்று திட்டத்தைக் கைவிட்டிருப்பார்கள்.

ஆனால் பாதையை மட்டும் போட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் புதுநகரத்தில் 1950களிலிருந்தே தனிச் சைக்கிள் பாதைகளும் சாலைக்கு அடியில் செல்லும் சுரங்க வழிகளும் கட்டப்பட்டன. கட்டுமானத்தில் குறை சொல்ல இடமில்லை. கார் ஓட்டுவதும் நிறுத்துவதும் அதைவிட எளிதாக வைக்கப்பட்டிருந்ததால் மக்கள் காரையே எடுத்தார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் வேறு வழியில் போனது. 1977இல் நகரின் மையப் பகுதியை நான்கு பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குக் கார் நேராகப் போக முடியாதபடி செய்தார்கள். கார் வெளிச்சுற்றுச் சாலைக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும், நடப்பவரும் சைக்கிளில் செல்பவரும் நேரே போகலாம். மையப் பகுதிக்குள் கார் வருவது தடைசெய்யப்படவில்லை, குறுக்கு வழி மட்டும் அதற்கு இல்லாமல் போனது. திட்டமிடலில் எனக்கு மிகவும் பிடித்த முடிவுகளில் இது ஒன்று, ஏனென்றால் செலவு அதிகம் இல்லாமல் ஒரு நகரத்தின் முன்னுரிமையையே இது மாற்றி எழுதியது.

இடம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி எப்போதும் எழும். நடைபாதையின் மேலேயே ஒரு கோடு போட்டு அதில் பாதியைச் சைக்கிளுக்கு ஒதுக்குவது மிகத் தவறான பதில். அது சாலையில் பலம் குறைந்த இருவரை ஒருவரோடு ஒருவர் மோத விடுகிறது. தடியூன்றி நடப்பவர் பின்னால் வரும் மணியோசைக்குத் திடுக்கிட்டு ஒதுங்குகிறார், சைக்கிளில் வருபவர் நடைவேகத்துக்கு மேல் போக முடியாமல் மறுபடி சாலைக்கே இறங்குகிறார். இடம் வாகனத் தளத்திலிருந்துதான் வர வேண்டும், பெரும்பாலான பெரிய சாலைகளில் அது இருக்கவும் செய்கிறது. நெடுஞ்சாலைக்கு ஏற்ற மூன்றரை மீட்டர் வரிசைகளை நகரச் சாலையில் மூன்று மீட்டராகக் குறைத்தால், நான்கு வரிசைச் சாலையில் இரண்டு மீட்டர் மிஞ்சும். அது ஒருவழிச் சைக்கிள் தடத்துக்குப் போதுமான அகலம். குறுகிய வரிசையில் ஓட்டுநர்களும் நிதானமாகவே ஓட்டுவார்கள். அதற்கும் வழியில்லாத இடத்தில் ஓரமாக நிறுத்தப்படும் கார்களின் இடத்தைத்தான் எடுக்க வேண்டும், அங்கேதான் அரசியல் துணிவு தேவைப்படுகிறது. கொலம்பியாவின் போகோட்டாவில் 1998இல் மேயரான என்ரிக்கே பெனலோசா, நடைபாதைகளில் ஏறி நின்ற கார்களைக் குட்டைக் கம்பங்கள் நட்டு வெளியேற்றியபோது அவரைப் பதவியிலிருந்து இறக்கவே முயற்சி நடந்தது. அவர் பின்வாங்காமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சைக்கிள் பாதையையும் அமைத்தார். கடை வைத்திருப்போரின் அச்சத்தை நான் அலட்சியமாகப் பேசமாட்டேன், அது அவர்களுடைய வாழ்வாதாரம். இருந்தாலும், தங்கள் வாடிக்கையாளர்களில் காரில் வருவோர் எத்தனை பேர் என்று கேட்டால் கடைக்காரர்கள் உண்மையைவிட அதிகமாக மதிப்பிடுகிறார்கள் என்பது பல நகரங்களின் கணக்கெடுப்புகளில் தெரியவந்திருக்கிறது. எனவே பேச்சுவார்த்தைக்கு முன்பே அந்தக் கணக்கெடுப்பை அவர்களோடு சேர்ந்தே நடத்துவது நல்லது.

எல்லாத் தெருவுக்கும் தனிப் பாதை தேவையில்லை. குடியிருப்புத் தெருக்களில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்தினால் சைக்கிளும் காரும் ஒரே தளத்தில் செல்லலாம். ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி எடுத்துக்கொள்வதாக வைத்தால், 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 13 மீட்டரில் நின்றுவிடும், 50 கிலோமீட்டர் வேகத்தில் வருவதற்கு அதைப் போல் இரு மடங்குக்கு மேல் தேவை. பந்தை எடுக்க ஓடிவரும் குழந்தை இருபது மீட்டர் தூரத்தில் இருந்தால், முதல் கார் அதற்கு முன்பே நின்றிருக்கும், இரண்டாவது கார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்கள் மாநாடு, மக்களும் வாகனங்களும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கிலோமீட்டரையே உச்ச வேகமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டது. நார்வேயின் ஓஸ்லோ வேகத்தைக் குறைத்து, மையப் பகுதியில் நூற்றுக்கணக்கான வாகன நிறுத்த இடங்களையும் நீக்கியிருந்தது. 2019ஆம் ஆண்டு முழுவதும் அங்கே சாலை விபத்தில் ஒரு பாதசாரியோ சைக்கிளில் சென்ற ஒருவரோ இறக்கவில்லை.

யாரை மனத்தில் வைத்து வரைகிறோம் என்பதும் பாதையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. வாகனங்களுக்கு நடுவே புகுந்து புறப்படும் துணிச்சலான இளைஞரை வைத்து வரைந்தால் சாலை ஓரத்தில் ஒரு கோடே போதும் என்று தோன்றும். வியன்னாவில் 1990களில் ஆண்களும் பெண்களும் நகரத்தில் எப்படிப் பயணிக்கிறார்கள் என்று விசாரித்தபோது, பெண்களின் பயணம் வீடு–அலுவலகம் என்ற ஒற்றைக் கோட்டில் அமையவில்லை என்பது தெரிந்தது. குழந்தையை விட்டுவிட்டு, மருத்துவரிடம் முதியவரை அழைத்துச் சென்று, சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும் சிறுசிறு பயணங்களாக, பெரிதும் நடையாக அது இருந்தது. அதன் பிறகு அந்த நகரம் நடைபாதைகளை அகலப்படுத்தி விளக்குகளையும் சாய்தளங்களையும் கூட்டியது. பார்வையற்றோருக்கான மேடிட்ட தளக்கற்களை ஜப்பானின் செய்இச்சி மியாகே 1965இல் உருவாக்கினார், 1967இல் ஒகயாமாவில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இன்று உலகெங்கும் அவற்றைக் காணலாம், ஆனால் அந்த மஞ்சள் வரிசை நேராகப் போய் ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டி நிற்பதையும் காணலாம். கல்லைப் பதித்தவருக்கு அது அலங்காரம், அதை நம்பித் தடியை நகர்த்துபவருக்கு அது வாக்குறுதி. திட்டம் முடிந்ததாகக் கையெழுத்திடும் அதிகாரி ஒருமுறை பார்வையற்ற ஒருவரோடு அந்தப் பாதையை முழுவதும் நடந்து பார்க்க வேண்டும் என்பதை நான் நிபந்தனையாகவே வைப்பேன்.

திறப்பு விழாவுக்குப் பிறகு நடப்பதைப் பற்றித் திட்ட ஆவணங்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. குடிநீர்க் குழாய்க்கு ஒரு துறை தோண்டும், கேபிளுக்கு இன்னொரு நிறுவனம் தோண்டும், மூடும்போது மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். காருக்கு அது ஒரு குலுக்கல், சைக்கிளின் மெல்லிய சக்கரத்துக்கோ விழுந்து கை முறியும் பள்ளம். எனவே புதைகுழாய்கள் அனைத்தும் தளத்தைப் போடுவதற்கு முன்பே ஒரே ஓடையில் வந்துவிட வேண்டும், பிறகு தோண்டுபவர் அதே தளக்கல்லால் அதே மட்டத்தில் மூடித் தரும்வரை அவருடைய வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கக் கூடாது. இன்னொன்றையும் கேட்டு வாங்க வேண்டும். திட்டம் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும்போது, அமைக்கப்படும் பாதைகளின் வரைபடத்தோடு, அவை அறுபடும் ஒவ்வோர் இடத்தையும் எண்ணிட்டுக் காட்டும் இரண்டாவது வரைபடமும் சேர்த்து வைக்கப்பட வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே அந்த இடைவெளியை எந்தத் துறை, எந்த ஆண்டில் அடைக்கப்போகிறது என்று எழுதியிருக்க வேண்டும். உங்கள் நகரத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், தயவுசெய்து அந்த இரண்டாவது வரைபடத்தைக் கேளுங்கள்.