ஸ்பீக்கரை அணைங்கப்பா, மரங்கொத்தி தானா வரும்

மார்கழி வந்தால் எங்கள் கோத்தகிரிப் பக்கம் வெளியூர்க்காரர்கள் கூட்டம்தான். வரட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் பக்கத்து ஹோம்ஸ்டேயில் வந்து இறங்குகிற கேமரா கும்பல் இருக்கிறதே, அதுதான் காலங்கார்த்தாலே என் பிபியை ஏற்றுகிறது.

டீ டம்ளரோடு வாசலுக்கு வந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் மரங்கொத்திச் சத்தம். நிஜ மரங்கொத்தி இல்லை, ப்ளூடூத் ஸ்பீக்கர்! பேரி மரத்துக் கிளையில் கட்டித் தொங்கவிட்டு, ஒரே கத்தலைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள்.

பொன்முதுகு மரங்கொத்தி குதிரை கனைப்பதுபோல் கத்துவது உங்களை மகிழ்விக்க இல்லை ஐயா. இது என் இடம், உள்ளே வராதே என்பதற்கு. ஸ்பீக்கரில் அது கேட்டால், தன் எல்லைக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்றுதான் நம்பும். போன வாரம் அதைத்தான் பார்த்தேன். எங்கள் காய்ந்த சில்வர் ஓக்கில் பட்டையைப் பெயர்த்துக்கொண்டிருந்த ஆண், பாதியில் விட்டுவிட்டுப் பறந்து வந்தது. விறைத்த வாலை மரத்தில் ஊன்றிக்கொண்டு, செங்கொண்டை சிலிர்க்க, இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பித் தேடியது. மரத்தின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தது. பதிலுக்குக் கத்தியது. எதிரி இருந்தால்தானே கிடைப்பான்? இங்கே கேமராக்கள் சடசடவென்று பொரிந்துகொண்டிருந்தன. அது ஓய்ந்து திரும்பிப் போனதும் மறுபடி பிளே!

பல்லைக் கிட்டவைக்கும் குளிர் இரவைத் தாண்டி வந்த பறவை அது. பகலும் குறைவு. நாக்கு மண்டையோட்டைச் சுற்றிப் பின்னால் போகிற நீளம் என்றாலும், மரத்துக்குள் இருக்கும் புழுவை எட்ட முதலில் கொத்தித் துளைத்தாக வேண்டுமே. அந்த நேரத்தில் இல்லாத எதிரியோடு சண்டைக்கு இழுத்தால் எப்போது தின்னும்? இன்னும் கொஞ்ச நாளில் பொந்து குடையும் வேலை வேறு இருக்கிறது.

ஹோம்ஸ்டே தம்பியிடம் சொன்னேன். "கெஸ்ட் கேக்குறாங்கண்ணா, போட்டோ கிடைக்கலைன்னா ரேட்டிங்ல கைய வெச்சிடுவாங்க" என்கிறான். அதையாவது பிழைப்பு என்று விடலாம். கும்பலில் ஒருத்தர் வேலியோரம் வந்து, "சார், அந்தக் காஞ்ச மரத்த வெட்டிட்டீங்கன்னா பேக்ரவுண்ட் சூப்பரா வரும்" என்றாரே, அதை எதில் சேர்ப்பது? பட்டுப்போன மரம் என்றால் எறும்பு, வண்டுப்புழு, பொந்து குடைய வாகான மரம், மூன்றும் ஒரே இடத்தில். அது இல்லாவிட்டால் மரங்கொத்தி உங்கள் லென்ஸிலா வந்து உட்காரும்?

ஒன்றுமே செய்ய வேண்டாம். வெயில் மரத்தில் விழுகிறவரை பொறுத்து, சும்மா உட்காருங்கள். தானாக வரும். அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு வெடுக் வெடுக்கென்று மேலே ஏறும். கண்ணாரப் பாருங்கள், அலையலையாய்ப் பறந்து அடுத்த மரத்துக்குப் போகும். அவ்வளவுதான்.

அந்த ஹோம்ஸ்டே கேட்டில் புதிதாக ஒரு போர்டு தொங்குகிறது: 'பறவைகளின் சொர்க்கம்'. இந்த வாரக் கடைசிக்கும் ரூம் ஃபுல்லாம்.